கோழிக்கறிக்கு அடியில் ஒரு வெளிச்சம்

1

கோழிக்கறிக்கு அடியில் கொஞ்சம் பொடியை வைத்து, அது ஒளிர்வதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டது என் தப்பு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றதைப் பேச வசதியாக இருக்கும்.

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த வாரம் அது. வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். மகள் இனியா அதில் பாதியைத் தின்றுவிட்டு ஹேண்ட்பால் பயிற்சிக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று எனக்கு ஒரு குறை. அந்தக் குறையோடுதான் மறுநாள் ஆய்வகத்தில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினேன்.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய எலும்பில்லாத நெஞ்சுக்கறி. அதற்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் நாங்கள் செய்த பொடி ஒரு சிட்டிகை. கறுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், கம்ப்யூட்டர் திரையில் கறியின் நடுவே பச்சையாக ஒரு புள்ளி தெரியும். இரண்டு விரல் தடிமன் கறியைத் தாண்டி வருகிற வெளிச்சம். அதற்குக் கீழே, ‘இதுதான் நான் செய்யற வேலை’ என்று எழுதினேன்.

பெரியப்பா உடனே கேட்டார்: “கறிய அப்புறம் என்னா பண்ண?” ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தி பூவராகர் படம் ஒன்றை அனுப்பிக் கும்பிட்டார். திட்டக்குடியில் இருக்கும் மாமா மகன்தான் படத்துக்குத் தலைப்புக் கொடுத்தான்: ‘கேன்சரைக் கத்தியில்லாமல் காட்டிக்கொடுக்கும் அதிசயப் பொடி! கண்டுபிடித்தது நம்ம விருத்தாசலத்துப் பொண்ணு!’ அது எத்தனை குரூப்புக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. என் தோழி ஒருத்திக்கு அவள் பையனின் ஸ்கூல் குரூப் வழியாக வந்து, அவள் எனக்கே அனுப்பினாள்.

கத்தியில்லாமல் என்று நான் சொல்லவில்லை. அதிசயம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதை மறுக்கவுமில்லை. மாமா மகனின் தலைப்புக்குக் கீழே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது.

2

உள்ளதைச் சொல்கிறேன். துத்தநாகமும் கேலியமும் கலந்து, துளி குரோமியம் சேர்த்து உலையில் சுட்டால் ஒரு வெள்ளைப் பொடி கிடைக்கிறது. அதற்கு விளக்கைக் காட்டினால் ஒளியை வாங்கி வைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்த பிறகு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விடுகிற ஒளி சிவப்புக்கும் அப்பால் போவது. நம் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். திரையில் வரும் பச்சை, கம்ப்யூட்டர் பூசுகிற சாயம். இந்த வகை ஒளிதான் சதையும் ரத்தமும் அதிகம் தடுக்காமல் வெளியே விடுகிற ஒளி. விளக்கு அணைந்திருப்பதால் சதை தன் பங்குக்கு மினுங்கிக் குழப்பாது, பொடி மட்டும் தெரியும். அந்தப் பொடியை ஒரு மயிரிழையை ஆயிரமாகப் பிளந்த அளவுக்குச் சின்னதாக்கி உடம்புக்குள் அனுப்பினால், அறுவை செய்கிற டாக்டருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டும். இது நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. உள்ளே போன பொடி ஈரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொண்டு வெளியேற மறுக்கிறது. அதைக் கிளப்ப வழி தெரிகிறவரை மனிதருக்குப் போட முடியாது.

இந்த வேலையில் நான் எப்படி என்று கேட்டால், உலையால்தான். நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்தவள். அண்ணன் சிட்கோவில் மின்கம்பத்துப் பீங்கான் செய்கிற யூனிட் வைத்திருக்கிறார். சைக்கிள் சீட்டில் வெள்ளைத் தூசி இல்லாத நாள் எனக்கு நினைவில்லை. இங்கே சேர்ந்த முதல் வருஷம் எங்கள் பொடி மங்கிக்கொண்டே போனது. படித்தவர்கள் எல்லோரும் அணு அணுவாக யோசித்தார்கள். நான் ஒரு காந்தம் கேட்டேன். மண் கூழை அச்சில் ஊற்றும் முன் காந்தத்தின் மேல் ஓடவிடுவது எங்கள் ஊரில் எல்லா யூனிட்டிலும் செய்வது. ஒரு இரும்புத் துணுக்கு தப்பினாலும் சுட்ட பிறகு வெள்ளைப் பீங்கானில் கறுப்புப் புள்ளி விழும். சுடுவதற்கு முன்னால் பொடியைக் கரைத்துக் காந்தத்தை விட்டேன். மீசை போல் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, அரைக்கிற எஃகு ஜாடியின் தேய்மானம். ஜாடியை மாற்றினோம், வெளிச்சம் திரும்பியது. அதிலிருந்து உலை அறைச் சாவி என்னிடம்.

வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அட்டை கொடுக்கிற அலுவலகத்தில் மட்டும் இதெல்லாம் எடுபடாது. அவர்களுடைய தொழில் பட்டியலில் என்னைப் போட ஒரு கட்டம் கிடைக்காமல், பன்னிரண்டு வருஷமாக ஒரு தடவை ‘மட்பாண்டம்’, ஒரு தடவை ‘மருத்துவ உதவி’ என்று மாறி மாறி எழுதுகிறார்கள். நானும் இப்போது திருத்துவதில்லை.

3

படம் போன மறுவாரம் வசந்தா அண்ணி கூப்பிட்டார். அண்ணனின் மனைவி. யூனிட்டில் டெஸ்டிங் ரூம் முழுக்க அவர் பொறுப்பு. எனக்கு வீசா நேர்காணல் என்றபோது சென்னைக்குக் கூடவே வந்து, தூதரக வாசலில் வெயிலில் நின்றவர். வேலை நேரத்தில் போனைத் தொடாதவர். ஊரில் காலை பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டதும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன்.

“தேவி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல அண்ணி, சொல்லுங்க.”

“மார்ல ஒரு கட்டி இருக்குது. பொங்கலுக்கு முன்னாடி பாத்தன். வலி கெலி ஒன்னும் இல்ல. ஒங்கண்ணனுக்குத் தெரியாது. இங்க டாக்டரம்மா, பாண்டிச்சேரி போயி ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்னாங்க.”

பொங்கல் போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது.

“போனீங்களா?”

“கெளம்பத்தான் இருந்தன். அதுக்குள்ள ஒன் படம் வந்துச்சு.” அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அதுதான் என்னை அடித்தது. “கத்தி, ஊசின்னு குத்துனா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நீ லீவுக்கு வரப்ப அந்தப் பொடியில கொஞ்சம் எடுத்துக்கிட்டு வா. பாத்துக்கலாம்.”

லீவு ஆகஸ்டில்.

நான் சொன்னேன். இது இன்னும் மனிதருக்கு இல்லை, ஒரு எலிக்குப் போடுவதற்கே நாங்கள் எழுதிய விண்ணப்பம் என் வீசாக் காகிதங்கள் அத்தனையையும் சேர்த்தாலும் அதைவிடத் தடிமன், ஒரு சிட்டிகையை வாசல் தாண்டி எடுத்துப்போக மூன்று கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

“கோழிக்குள்ள தெரிஞ்சுதுல்ல? எனக்குள்ள தெரியாதா?”

அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனை வைத்தார்.

4

அடுத்த பத்து நாள் என் வேலை இரண்டு. காலையில் அண்ணிக்குப் போன், பிறகு உலை. உலை சொன்னபடி கேட்டது.

சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்து நான் கட்டிக்கு வருவதற்குள் அவர் லோடு வந்துடுச்சு, கரெண்டு போயிடுச்சு என்று வைத்துவிடுவார். மாட்டிக்கொண்ட நாட்களில் நான் பேசிய தமிழ் எனக்கே பிடிக்கவில்லை. ‘ஊசிப் பரிசோதனையினால் நோய் பரவுவதில்லை என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ என்று ரேடியோ மாதிரி வருகிறது. வருஷக்கணக்காக இந்த விஷயத்தை வேறு மொழிகளிலேயே பேசிவிட்டு, சொந்த அண்ணியிடம் சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்கிறேன். இங்கே பக்கத்து வீட்டுக் கிழவியை ஜெர்மனில் சட்டென்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வேன். அங்கே அண்ணியிடம் அறிக்கை வாசிக்கிறேன்.

இனியாவுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். ஊரை ‘உன் ஊர்’ என்பாள். இந்தக் கோடையில் வரமாட்டேன், ஹேண்ட்பால் முகாம் இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நான் போனில் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, அந்தப் படம் இன்னும் குரூப்ல இருக்கா?”

“இருக்கு.”

“ஏன்?”

அவ்வளவுதான் கேட்டாள். பையை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அது அவள்மேல் இல்லை என்று தெரிந்தது.

அன்றே படத்தை அழிக்கப் பார்த்தேன், நாள் கடந்துவிட்டதால் முடியவில்லை. நீளமாக ஒரு குரல் செய்தி போட்டேன். இந்தப் பொடி யாருக்கும் போடக்கூடியது இல்லை, பல வருஷம் ஆகும், நான் எதையும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, பத்துப் பேர் சேர்ந்து செய்கிற வேலை, யாராவது கட்டியை வைத்துக்கொண்டு இதற்காகக் காத்திருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சொல்லும்போது காது சூடாகியது. இரண்டு நாள் நன்றாக இருந்ததற்கு விலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது. “பெரிய படிப்பு படிச்சவங்க இப்பிடித்தான். எவ்ளோ அடக்கம் பாரு.” அதன் கீழே வரிசையாகக் கைத்தட்டல்கள். மாமா மகன் அந்தக் குரல் செய்தியையும் பரப்பினான், ‘விஞ்ஞானியின் தன்னடக்கம்’ என்ற தலைப்போடு.

5

அதற்கு மறுநாள் வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணி டெஸ்டிங் ரூமில் இருந்தார். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு கையில் பீங்கான், மறு கையில் சின்ன மரச் சுத்தி. தட்டினால் மணி மாதிரி கேட்க வேண்டும். கேட்காததை ஒதுக்கி வைத்தார்.

நான் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது.

“அண்ணி, தட்டுனா என்ன தெரியும்?”

“சத்தம் செத்துருந்தா உள்ள விரிசல் இருக்குதுன்னு தெரியும்.”

“எப்படிப்பட்ட விரிசல்னு தெரியுமா?”

“அதெப்பிடி? ஒடச்சி, ரோஸ் மையில ஊறப் போட்டு, மை உள்ள எறங்கியிருக்குதான்னு பாத்தாத்தான் தெரியும். ஒனக்குத் தெரியாததா?”

“என் பொடியும் தட்டிப் பாக்கற மாதிரிதான் அண்ணி. எங்க இருக்குன்னு காட்டும். என்னன்னு சொல்லாது. என்னன்னு தெரிய ஒரு துணுக்கு எடுத்துத்தான் பாக்கணும்.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணி சுத்தியைக் கீழே வைத்தார்.

“ஒடச்ச பீஸு எங்க போவுது தேவி? கம்பத்துக்கா போவுது? குப்பைக்குத்தான போவுது?”

அவர் நாள் தவறாமல் செய்கிற வேலையை எடுத்து அவரையே பயமுறுத்தியிருக்கிறேன். செராமிக் படித்தவளுக்கு மட்டும்தான் இந்த மாதிரி உதாரணம் தோன்றும். அவர் முகம் தூரத்தில் சின்னதாக, வெளுத்துத் தெரிந்தது. பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நான் பேசியது ஒத்திகை பார்த்ததில்லை.

“அண்ணி, நான் பெருமைக்குத்தான் அந்தப் படத்தப் போட்டேன். இங்க ஒருத்தரும் என்னப் பாராட்டல, ஊருல பாராட்டட்டும்னு போட்டேன். அதப் பாத்து நீங்க உக்காந்துட்டீங்க. எனக்குப் பயமா இருக்குது அண்ணி. தூக்கம் வரமாட்டேங்குது.”

அண்ணி போனைக் கையில் எடுத்தார்.

“நீ பயப்படுவியா? வீசாக்காரன் கேட்ட கேள்விக்கெல்லாம் எதிர்க்கேள்வி கேட்டுட்டு வந்தவதான நீ?”

“இதுக்குப் பயப்படுறேன்.”

போன் திரையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். பிறகு, “செரி, ஒன் பொடியே வந்துட்டுதுன்னு வச்சிக்க. அத எப்பிடிக் குடுப்பாங்க? தண்ணியில கலந்தா, மேல பூசியா?”

“ஊசியிலதான் அண்ணி.”

“ஊசியா?”

“பொடியக் கரைச்சு ஊசியிலதான் உள்ள ஏத்தணும்.”

“அடிப்பாவி!” என்றார். “கோழி மேல குத்துன தடமே இல்லியேன்னு நான் துன்னூறு மாதிரி பூசிக்கிறதுன்னு இல்ல நெனச்சிக்கிட்டிருக்கன்! ரெண்டுக்கும் ஊசின்னா இன்னா எழவுக்கு ஆகஸ்டு வரைக்கும் குந்தியிருக்கணும்? இத மொதல் நாளே சொல்றதுக்கு என்னாடி ஒனக்கு?”

எலி, ஈரல், மூன்று கையெழுத்து எல்லாம் சொன்னேனே தவிர, இதைச் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவர் சிரித்தார், நான் அழுதேன். சாயங்காலமே அண்ணனிடம் அவரே சொல்லிவிட்டார்.

6

அந்த வாரமே பாண்டிச்சேரி போய் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கேன்சர்தான். சின்னது, ஆரம்பத்திலேயே பிடித்தது என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

நான் கிளம்ப முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. தற்காலிகச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள், அதற்கு அவசரக் காரணம் வேண்டும். அலுவலகத்தில் இருந்த இளைஞன் மரியாதையானவன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். அண்ணனின் மனைவி என்றேன். தன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பெற்றோர், பிள்ளைகள், கணவர், உடன்பிறந்தோர். அண்ணனின் மனைவி நெருங்கிய உறவில் வராது என்று வருத்தத்தோடு சொன்னான். அட்டையை வாங்கிக்கொள்ள எனக்குக் கிடைத்த தேதி ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் கழித்து.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. எத்தனையோ அலுவலகங்களில் சிரித்துப் பேசிக் காரியத்தை முடித்திருக்கிறேன். அன்று வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற டிராம்களையெல்லாம் போகவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை இனியா ஸ்கூலுக்குக் கிளம்பாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தையிடம் பேச வேண்டும் என்றாள். உள்ளே அழைத்துப் போவதற்கு முன் அண்ணன் போனைப் பிடித்தார்.

“அத்தை, நீ பயப்படாத. முடிஞ்சதும் நீ எனக்கு சொல்லு” என்றாள் இனியா, தமிழிலேயே. அவளுக்கு ‘நீங்க’ இன்னும் வருவதில்லை.

“சொல்றன் சாமி, மொதல்ல ஒனக்குத்தான் சொல்றன்” என்றார் அண்ணி.

அப்படியே செய்தார். மயக்கம் தெளிந்து அவர் அனுப்பிய முதல் செய்தி இனியாவுக்கு வந்தது, எனக்கு இல்லை. மாரில் நீலச் சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேர்கிற நெறிக்கட்டியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்த்தார்களாம். அது சுத்தமாக இருந்ததால் அக்குளில் மற்றதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் எடுத்தால் வருகிற கை வீக்கம் இனி வராது. எங்கள் பொடி என்றாவது செய்யப்போகிற வேலை இதுதான். சாயத்தைவிட நன்றாகச் செய்யும், ஆழத்திலும் தெரியும். அதற்குள் சாயம் இருக்கிறது, அதைக் கையாளத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். கட்டி சின்னதாக இருக்கும்போதே போய் நின்றால்தான் இவ்வளவோடு போகும்.

7

அண்ணி வீட்டுக்கு வந்த மறுவாரம் குடும்பக் குரூப்பில் அவர் குரல் கேட்டது. பத்து வருஷத்தில் அந்தக் குரூப்பில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

“வசந்தா பேசுறன். எனக்கு மார்ல கட்டி இருந்துச்சு. கேன்சருதான். ஊசி போட்டுப் பாத்தாங்க, பரவல. கத்தி வச்சி எடுத்துட்டாங்க, பரவல. வூட்டுலதான் இருக்கன், தோச துன்னுட்டுப் பேசுறன். தேவியோட பொடி நல்ல பொடிதான், அது வரப்ப வரட்டும். அதப் பாத்துட்டு எவளாச்சும் கட்டிய மறச்சி வச்சிக்கிட்டு குந்தியிருந்தீங்கன்னா, எங்கிட்ட வாங்க. ஆம்பளைங்க கிட்ட சொல்ல வேணாம். நானே கூட வரன்.”

அடக்கம் என்று யாரும் பாராட்டவில்லை. மாமா மகன் தலைப்பே இல்லாமல் பரப்பினான்.

நேற்று அண்ணன் கூப்பிட்டார், அலுத்துக்கொண்டார். “ரெஸ்டு எடுன்னா எங்க கேக்கறா? காலையில பேக்கிங்ல வேலை பாக்கற பொண்ணு ஒன்னு வூட்டுக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாளுங்க. வெளிய வந்து, போயிட்டு வரன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு பாண்டிச்சேரி பஸ்ஸு ஏறிட்டா. தையலு இன்னும் முழுசா ஆறல.”

நான் அண்ணிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திட்டுவதற்கென்று மறுபடி அடித்தேன். உலையைத் திறந்து தட்டை வெளியே எடுத்து வைத்த நேரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

‘ஊசி போடறாங்க. அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறன். அப்புறம் திட்டு.’